வெப்சைட் முதலில்... வாடிக்கையாளர் அப்புறமா? - ஒரு சின்ன வரலாறு

பி.காம். கடைசி வருஷம் வந்துவிட்டால் வகுப்பில் இரண்டு விதமான பேச்சுதான் ஓடும். ஒன்று பேங்க் எக்ஸாம். இன்னொன்று "சொந்தமா ஏதாவது ஆரம்பிக்கலாம்டா". எங்கள் வகுப்பில் இரண்டு பேர் இரண்டாவது கட்சி. திருமங்கலத்திலேயே ஒரு சின்ன அறை எடுத்து, கடைக்காரர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது, ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பது என்று திட்டம். நல்ல திட்டம்தான். ஆனால் கையில் இருக்கும் முதல் பணத்தில் பாதிக்கு மேல் ஒரு வெப்சைட்டுக்குப் போகப் போகிறது. "வெப்சைட் இல்லாம எவன்டா நம்மள நம்புவான்?" என்பது அவர்கள் வாதம். இதுவரை ஒரு கடைக்காரரிடம்கூட இருவரும் போய்ப் பேசவில்லை!

மாப்பிள்ளை பார்ப்பதற்கு முன்பே பந்தக்கால் நடுவது போல எனக்குத் தோன்றியது. ஆனால் தோன்றியதை மட்டும் வைத்து வாதம் செய்யக்கூடாதல்லவா? அதனால் கொஞ்சம் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தேன். எங்க ஊர் பெயரைச் சொன்னாலே 2009 இடைத்தேர்தலை நினைத்துக்கொண்டு "ஓ, அந்த பார்முலா ஊரா?" என்று சிரிப்பவர்கள் உண்டு. இது அந்த பார்முலா இல்லை, வேறு :-)

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். உலகத்தின் முதல் வெப்சைட் டிம் பெர்னர்ஸ் லீ செர்ன் ஆய்வகத்தில் உருவாக்கியது. அது பொதுமக்கள் கண்ணில் பட்டது 1991ல். இந்தியாவில் பொதுமக்களுக்கு இணைய இணைப்பை விஎஸ்என்எல் கொடுக்க ஆரம்பித்தது 1995 ஆகஸ்ட் 15. அதாவது இந்தியாவில் எந்த சேவைத் தொழிலும் 1995க்கு முன்னால் வெப்சைட்டோடு பிறந்திருக்க வாய்ப்பே இல்லை. "அதான் அப்போ இல்லையே, இப்போ இருக்கே" என்று கேட்கலாம். நியாயம்தான். அதனால் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்க வேண்டும். வெப்சைட் என்ன வேலையைச் செய்கிறது? அந்த வேலையை அதற்கு முன்னால் எது செய்தது? அது முதல் வாடிக்கையாளருக்கு முன்னால் வந்ததா, பின்னால் வந்ததா?

சேவை என்பதைக் கையில் எடுத்துக் காட்ட முடியாது. சோப்பு என்றால் முகர்ந்து பார்க்கலாம், சேலை என்றால் மடித்துப் பார்க்கலாம். கணக்கு எழுதுவதையோ பஸ் பயணத்தையோ வாங்குவதற்கு முன் தொட்டுப் பார்க்க வழியில்லை. எங்கள் மார்க்கெட்டிங் பாடத்தில் இதை ஒரு மார்க் கேள்வியாகக் கேட்பார்கள். ஆனால் இந்த ஒரு மார்க் விஷயத்தில்தான் முழு சிக்கலும் இருக்கிறது. வாங்குகிறவன் எதை நம்பி வாங்குவான்?

நம்ம மதுரையில் இதற்கு ஒரு பழைய பதில் இருக்கிறது. மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே, திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபத்தில் பல தலைமுறைகளாகத் தையல்காரர்கள் தூணுக்குத் தூண் மெஷின் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு விளம்பரமும் ஷோரூமும் அந்த இடமேதான். கோயிலுக்கு வருகிறவர் நின்று பார்ப்பார், பக்கத்தில் தைத்துக் கொண்டிருப்பதைக் கண்ணால் காண்பார், அளவு கொடுப்பார். வேலை நடப்பதே கண்ணுக்குத் தெரிந்ததால் நம்பிக்கைக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. பின்னாளில் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றும் பேச்சு வந்தபோது அவர்கள் ஏன் அவ்வளவு தயங்கினார்கள் என்பதும் இதிலிருந்தே புரியும்.

அடுத்து டிவிஎஸ். இன்றைக்கு டிவிஎஸ் என்றால் பைக்தான் ஞாபகம் வரும். ஆனால் திருக்குறுங்குடியில் 1877ல் பிறந்த டி.வி. சுந்தரம் ஐயங்கார், ரயில்வே, வங்கி வேலைகளையெல்லாம் விட்டுவிட்டு 1911ல் தொடங்கிய நிறுவனத்தின் அஸ்திவாரம் பஸ் சர்வீஸ். 1912ல் பஸ் விட ஆரம்பித்தார். மாட்டு வண்டியும் குதிரை வண்டியும்தான் சாலையை ஆண்ட காலம். மோட்டார் வண்டியில் காசு கொடுத்து ஏறலாம் என்பதே ஜனங்களுக்குப் புதுசு. சரியான நேரத்துக்குப் போகுமா, வழியில் நின்றுவிடாதா என்ற பயம் வேறு.

அவர் இந்தப் பயத்தை எப்படிப் போக்கினார் என்பதுதான் சுவாரஸ்யம். டிவிஎஸ் பஸ்ஸைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக் கொள்ளலாம் என்று மதுரைப் பக்கம் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். அந்தக் காலச் சாலைகளில் மாட்டு லாடத்து ஆணிகள் சிதறிக் கிடக்குமாம், டயரில் குத்தி பஞ்சராகும், நேரம் போகும். அதற்காகக் காந்தம் பொருத்திய ஒரு வண்டியைச் சாலையில் ஓட்டி ஆணிகளைப் பொறுக்கி எடுத்ததாக ஒரு கதை, டிவிஎஸ் பற்றிப் பேசும்போதெல்லாம் வரும். யோசித்துப் பாருங்கள். பணம் விளம்பரப் பலகைக்குப் போகவில்லை, ஆணி பொறுக்கப் போயிருக்கிறது! 1970களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் பஸ்கள் அரசுடைமையாகி மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் வந்தபோது டிவிஎஸ் பஸ்கள் அதற்குள் போய்விட்டன. பஸ் போனது, "டிவிஎஸ் மாதிரி கரெக்ட் டைம்" என்ற பேச்சு மட்டும் போகவில்லை.

இருந்தாலும் டிவிஎஸ் உதாரணத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. பஸ் என்பது தெருவில் ஓடும் பொருள். அதுவே அதற்கு விளம்பரம். நாலு சுவருக்குள் நடக்கும் சேவைக்கு இது பொருந்துமா?

இதற்குத்தான் அரவிந்த் கண் மருத்துவமனையைப் பார்க்க வேண்டும். இந்தக் கட்டுரை எழுதத் தூண்டியதே இதுதான் என்று வைத்துக் கொள்ளுங்கள்.

டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி, எல்லோரும் சொல்வது போல் 'டாக்டர் வி', 1918ல் வடமலாபுரம் என்ற கிராமத்தில் பிறந்தவர். ராணுவ மருத்துவராக இருந்தபோது கடுமையான முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிவிட்டன. அந்த விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகி, கண் அறுவை சிகிச்சை நிபுணரானார். மதுரை அரசு மருத்துவக் கல்லூரியில் கண் பிரிவுத் தலைவராக இருந்து 1976ல், 58 வயதில் ஓய்வு பெற்றார். அதே வருஷம் மதுரையில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளோடு ஆரம்பித்ததுதான் அரவிந்த். தங்கை டாக்டர் நாச்சியார், அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமி என்று குடும்பமே கூட நின்றது.

பதினோரு படுக்கை. அவ்வளவுதான். நகை, வீடு எல்லாம் அடமானம் போனது. இந்த நிலையில் நோயாளிகள் எப்படி வந்தார்கள்?

முதல் காரணம், நோயாளிகள் ஆஸ்பத்திரிக்கு முன்பே இருந்தார்கள். டாக்டர் வி அரசு வேலையில் இருந்தபோதே ஊர் ஊராகக் கண் முகாம் நடத்தியவர். மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலி பக்கமெல்லாம் "வெங்கடசாமி டாக்டர்" என்றால் தெரியும். அந்தப் பெயரைத்தான் அவர் 1976ல் மூலதனமாகப் போட்டார். ஐந்தொகையில் நாம் 'நற்பெயர்' என்று ஒரு வரி எழுதுவோமே, அது அவருக்குக் கட்டடத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டது.

இரண்டாவது காரணம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அரவிந்த், நோயாளி வரட்டும் என்று காத்திருக்கவில்லை. முகாம் நடத்த உள்ளூரில் ஒரு ரோட்டரி சங்கமோ, லயன்ஸ் சங்கமோ, ஊர்ப் பெரியவரோ பொறுப்பேற்பார். நோட்டீஸ் அடிப்பது, மைக் கட்டி ஊருக்குள் சொல்வது எல்லாம் அவர்கள் வேலை. டாக்டர்கள் வந்து பார்ப்பார்கள். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஊருக்குத் தெரியாத ஆஸ்பத்திரி வந்து "கண்ணை அறுக்கிறேன் வா" என்றால் யார் வருவார்கள்? ஊருக்குத் தெரிந்த ஒருவர் அழைத்தால் வருவார்கள். அரவிந்த் நம்பிக்கையை உள்ளூர்க்காரரிடம் இருந்து கடன் வாங்கியது.

அப்படியும் எல்லோரும் வரவில்லை! ஆபரேஷன் இலவசம் என்று சொல்லியும் வரவில்லை. ஏன் என்று கேட்டுப் போனபோதுதான் தெரிந்தது, இலவசம் என்பது இலவசமே இல்லை என்று. மதுரைக்குப் பஸ் காசு வேண்டும், சாப்பாடு வேண்டும், துணைக்கு ஒருவர் வர வேண்டும், இரண்டு பேருடைய கூலியும் போகும். அதனால் முகாமிலிருந்தே பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிப் போய், சாப்பாடு போட்டு, ஆபரேஷன் முடித்துத் திரும்பக் கொண்டுவந்து விடுவது என்று முறையை மாற்றினார்கள். இதை எந்த நோட்டீஸும் எந்தப் பலகையும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்காது. வராதவரிடம் போய்க் கேட்டதால் தெரிந்தது.

இன்னும் ஒரு விஷயம். 1999ல் வெளியான ஓர் ஆய்வு, முகாம் நடக்கும் கிராமங்களிலேயே கண் கோளாறு உள்ளவர்களில் சுமார் 7 சதவீதம் பேர்தான் முகாமுக்கு வருகிறார்கள் என்று சொன்னது. வேறு நிறுவனமாக இருந்தால் ஆய்வை மூடி வைத்திருக்கும். இந்த ஆய்வில் அரவிந்தின் ஆட்களே பங்கெடுத்திருந்தார்கள். பிறகு 2000களில் சின்ன ஊர்களிலேயே நிரந்தரக் கண் பரிசோதனை மையங்களைத் திறந்து, இணையம் வழியாக மதுரை, தேனி டாக்டர்களோடு இணைத்தார்கள். இணையம் வந்ததும் அரவிந்த் அதை விடவில்லை என்பதைக் கவனிக்கவும். அவர்கள் கை வைத்த இடம், டாக்டருக்கும் நோயாளிக்கும் நடுவே இருந்த தூரம்.

"அரவிந்த் தர்ம ஸ்தாபனம் ஆச்சே, அதை எப்படித் தொழிலோடு ஒப்பிடலாம்?" என்று ஒரு நண்பர் மடக்கினார். பணம் கட்டும் நோயாளிகளின் வருமானத்தில்தான் இலவசப் பிரிவே ஓடுகிறது. அந்தப் பணம் கட்டும் நோயாளிகள் எங்கிருந்து வந்தார்கள்? "எங்க அம்மாவுக்கு அங்கதான் பண்ணோம், நல்லா தெரியுது" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லி வந்தவர்கள்தானே!

சரி, மதுரையை விட்டு வெளியே வருவோம்.

எங்கள் கட்சிக்காரர்கள் செய்யப் போவது கணக்கு வேலை. அந்தத் துறையின் பெரியண்ணன்கள் சார்ட்டர்ட் அக்கவுண்டண்டுகள். அவர்களுடைய 1949ஆம் வருஷச் சட்டத்தைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். முதல் அட்டவணையில் 6வது, 7வது பிரிவுகள் என்ன சொல்கின்றன தெரியுமா? சுற்றறிக்கை, விளம்பரம், நேரடிக் கோரிக்கை மூலம் வாடிக்கையாளர் தேடுவதே தொழில் ஒழுங்கீனம்! பின்னாளில் வெப்சைட் வைக்க அனுமதி வந்தது. அதுவும் ஒரு நிபந்தனையோடு. தேடி வருகிறவர் பார்க்கலாம், நீங்களாகப் போய் அவர் முகத்தில் நீட்டக்கூடாது. வக்கீல்களுக்கும் இதே கதைதான். பார் கவுன்சில் விதி 36 விளம்பரத்தைத் தடை செய்தது, 2008ல் திருத்தம் வந்து பெயர், முகவரி, தொலைபேசி எண், படிப்பு, என்ன மாதிரி வழக்குகள் எடுப்பார் என்பது போன்ற சில விவரங்களை மட்டும் வெப்சைட்டில் போடலாம் என்றார்கள். இந்தியாவில் இரண்டு பெரிய சேவைத் தொழில்கள் அரை நூற்றாண்டுக்கு மேலாக விளம்பரம் செய்யவே கூடாது என்ற சட்டத்தோடு வளர்ந்திருக்கின்றன. பட்டினி கிடக்கவில்லை. நன்றாகவே இருக்கிறார்கள்!

எப்படி? ஒரு சீனியரிடம் ஜூனியராகச் சேர்வார்கள். அங்கே வரும் கட்சிக்காரர்கள் முகம் பழகும். தனியாக அலுவலகம் போடும்போது நாலு பேர் கூடவே வருவார்கள். அந்த நாலு பேர் பத்து பேரிடம் சொல்வார்கள். இதில் ஒரு அநியாயமும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். சீனியர் கிடைக்காதவனுக்கு, சொந்தபந்தத்தில் வியாபாரி இல்லாதவனுக்கு இந்த வழி அடைத்த கதவு. வெப்சைட் மேல் புதுப்பையன்களுக்கு இவ்வளவு ஆசை வருவதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். யாரையும் தெரியாதவனுக்கு வெப்சைட் ஒரு சீனியர் மாதிரி தெரிகிறது. ஆனால் அது தானாக யாரிடமும் போய்ச் சிபாரிசு செய்யாது, அங்கேதான் உதைக்கிறது.

கம்ப்யூட்டர் துறையிலாவது கம்ப்யூட்டர் முதலில் வந்திருக்கும் என்று நினைப்போம். இன்போசிஸ் 1981ல் ஏழு பேர் சேர்ந்து புனேயில் ஆரம்பித்தது. முதல் பத்தாயிரம் ரூபாய் சுதா மூர்த்தியின் சேமிப்பு. எல்லோரும் பட்னி கம்ப்யூட்டர்ஸில் வேலை பார்த்துத் தொழில் தெரிந்தவர்கள். அமெரிக்காவில் டேட்டா பேசிக்ஸ் என்ற வாடிக்கையாளர் இருந்தார். சொந்தமாகக் கம்ப்யூட்டர்? 1983 வரை இல்லை! டெலிபோன் இணைப்புக்கே நெடுநாள் காத்திருந்தார்கள். சாப்ட்வேர் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் இல்லை, ஆனால் வாடிக்கையாளர் உண்டு. அவர்களுடைய ஆட்கள் அமெரிக்கா போய் வாடிக்கையாளருடைய மெஷினிலேயே வேலை செய்தார்கள்.

இதைவிட நேரடியான உதாரணம் ஜஸ்ட் டயல். பிளம்பர், டாக்டர், கேட்டரிங் என்று எது வேண்டுமானாலும் போன் போட்டுக் கேட்டால் எண் கொடுக்கும் சேவை. வி.எஸ்.எஸ். மணி இதை 1996ல் மும்பையில் ஐம்பதாயிரம் ரூபாயோடு ஆரம்பித்தார். அதற்கு முன் இதே யோசனையை 1989ல் ஒருமுறை முயன்று, அப்போது போனே பலரிடம் இல்லாததால் எடுபடவில்லை. இரண்டாவது முறை எட்டு எட்டாக வரும், மறக்கவே முடியாத ஒரு போன் நம்பரைப் பிடித்தார். ஆட்கள் கடை கடையாக ஏறி இறங்கி விவரம் சேகரித்தார்கள். வெப்சைட் மூலமான தேடல் சேவை எப்போது வந்தது? 2007ல். பதினோரு வருஷம் கழித்து! தகவல் விற்கிற கம்பெனியே அதுவரை போனை வைத்துத்தான் ஓடியது. 2013ல் பங்குச்சந்தைக்கு வந்து, 2021ல் ரிலையன்ஸ் கைக்குப் போனது.

எதிர்க்கட்சிக்கும் நேரம் கொடுக்க வேண்டும். வெப்சைட்டோடு பிறந்த தொழில்கள் இல்லையா? உண்டு. நம்ம முருகவேல் ஜானகிராமன். அமெரிக்காவில் சாப்ட்வேர் வேலையில் இருந்தபோது 1997ல் தமிழர்களுக்காக ஒரு வெப்சைட் நடத்தினார். தமிழ் காலண்டர், செய்தி என்று பலதும் இருந்தது. அதில் ஒரு ஓரத்தில் வரன் தேடும் பகுதி. கூட்டம் மொத்தமும் அந்த ஓரத்தில்தான் நின்றது! அதைக் கவனித்துத்தான் பாரத்மேட்ரிமோனியை உருவாக்கினார். 2001ல் அங்கே வேலை போனதும் முழுநேரமாக இதில் இறங்கினார். அவருக்கே அதில்தான் பெண் கிடைத்தது என்பது கூடுதல் லாபம் :-)

இங்கே வெப்சைட் முதலில் வந்தது என்பது உண்மை. ஆனால் இங்கே வெப்சைட்தான் கடை. வரன் தேடும் வேலையே அதற்குள் நடக்கிறது. நௌக்ரியும் அப்படித்தான், 1997ல் பத்திரிகைகளில் வந்த வேலை விளம்பரங்களைத் திரட்டிப் போட்டு ஆரம்பித்தார்கள். திருமங்கலத்தில் உரக்கடைக்காரருக்குக் கணக்கு எழுதும் வேலை வெப்சைட்டுக்குள் நடக்காது. பில் கட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவர் வருவார், அல்லது நாம் போக வேண்டும்.

வெப்சைட் முன்னாலேயே தேவைப்படும் சேவைகளும் இருக்கின்றன. வாடிக்கையாளர் வெளியூர், வெளிநாடு என்றால் அவர் நம்மைப் பற்றி விசாரிக்க டீக்கடை இல்லை, இணையம்தான் டீக்கடை. போட்டோகிராபர், டிசைனர் மாதிரி செய்த வேலையைக் காட்டித்தான் அடுத்த வேலை வாங்க முடியும் என்பவர்களுக்கும் ஒரு பக்கம் வேண்டும். அதற்கும்கூட காட்டுவதற்கு நாலு வேலை முதலில் செய்திருக்க வேண்டும் என்பது வேறு விஷயம்.

எங்கள் நண்பர்களுக்கு நான் சொன்னது இரண்டு. 2017 ஜூலை 1ல் ஜிஎஸ்டி வந்தபோது ஜிஎஸ்டி பிராக்டிஷனர் என்ற ஒரு வகையை விதி 83ல் உருவாக்கினார்கள். அதற்கு விண்ணப்பிக்கும் தகுதிகளில் வணிகவியல் பட்டமும் ஒன்று. பதிவு செய்தவர்கள் பெயரை அரசின் ஜிஎஸ்டி தளத்திலேயே மாநிலம், மாவட்டம் போட்டுத் தேடலாம். "எவன் நம்புவான்" என்ற கேள்விக்கு அரசாங்கப் பட்டியலைவிட நல்ல பதில் எந்த டிசைனரும் செய்து தர முடியாது. இரண்டாவது, கப்பலூர் தொழிற்பேட்டை பக்கத்தில்தான் இருக்கிறது. பஸ்ஸில் கொஞ்ச நேரம். இருபது யூனிட் படியேறி, "சார், மாதக் கணக்கு இப்போ யார் பார்க்கிறாங்க, அதில் உங்களுக்கு என்ன தொந்தரவு?" என்று மட்டும் கேட்டு வரட்டும். அரவிந்த் ஆட்கள் வராத நோயாளியிடம் கேட்ட மாதிரி. அந்த இருபது பதிலும் தெரியாமல் வெப்சைட்டில் என்னத்தை எழுதுவார்கள்? "தரமான சேவை, நியாயமான கட்டணம்" என்று எல்லோரும் எழுதுவதைத்தானே?

"காசு போட வேண்டாம், இலவச வெப்சைட் போதும்" என்று ஒருவர் இறங்கி வந்தார். அதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 2017 ஜனவரியில் கூகிள் தலைவர் சுந்தர் பிச்சை, நம்ம மதுரையில் பிறந்தவர், டெல்லி வந்து இந்தியச் சிறுதொழில்களுக்கு இலவசமாக வெப்சைட் செய்து கொள்ளும் வசதி வரப்போவதாக அறிவித்தார். அந்த வருஷமே வந்தது. போனிலேயே பத்து நிமிஷத்தில் செய்துவிடலாம். எத்தனையோ சின்னக் கடைகள் செய்துகொண்டன. 2024 மார்ச்சில் கூகிள் அதை மூடிவிட்டது. அந்த வெப்சைட் முகவரிகள் கொஞ்ச காலம் கடையின் கூகிள் மேப் விவரத்துக்குத் திருப்பிவிடப்பட்டன, ஜூனுக்குப் பிறகு அதுவும் நின்றது. மேப்பில் இருந்த கடைப் பெயரும் போன் நம்பரும் வாடிக்கையாளர்கள் எழுதிய நாலு வரியும் அப்படியே இருந்தன.